வேகத்துக்கு ஒரு கடிவாளம்

கடையில் நின்று ‘இதைவிட வேகமானது இருக்கா?’ என்று கேட்டுக் கேட்டு வாங்கிய கணினி அது. வீட்டுக்கு வந்ததும் அதில், பழைய டாஸ் விளையாட்டுகளை ஓட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருளை ஏற்றி, அந்த வேகத்தை எப்படிக் குறைப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார் நம்மவர். 1990-ல் வந்த விங் கமாண்டர் விளையாட்டுக்கு நிதானம் தெரியாது; கணினி எவ்வளவு விரைவோ அவ்வளவு விரைவாக எதிரி வந்து சுட்டுவிட்டுப் போய்விடுவான். எனவே கண்ட்ரோலோடு எஃப்11-ஐத் தட்டித் தட்டி, மில்லிநொடிக்கு 3000 கட்டளை போதும் என்று இயந்திரத்துக்கு மூக்கணாங்கயிறு போட வேண்டும்.

அடுத்து ஒலி. சவுண்ட் பிளாஸ்டர் அட்டை எங்கே இருக்கிறது என்று விளையாட்டு கேட்கும். இந்தக் கணினியில் அப்படி ஓர் அட்டையே கிடையாது. ஆனாலும் முகவரி 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1 என்று கூசாமல் சொல்ல வேண்டும். பொய்யிலும் எண் பிசகினால் ஊமைப்படம்தான்.

பிரின்ஸ் ஆஃப் பெர்சியா விளையாட்டு இன்னும் விசேஷம். ஆரம்பக் கட்டத்தைத் தாண்டியதும், கையேட்டின் இன்ன பக்கம், இன்ன வரி, இன்ன சொல்லின் முதல் எழுத்துள்ள குப்பியைக் குடி என்கிறது. கையேடு எந்தக் காலத்திலோ பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறிவிட்டது. இளவரசியை மீட்க 60 நிமிடம்தான் கெடு. டாஸ்பாக்ஸில் விளையாட்டுக் கோப்புறையை மவுண்ட் செய்து முடிக்கும் நேரத்தை அதில் சேர்க்கவில்லை, அவள் பிழைத்தாள்.