கத்தரிக்காய்க்கு மூக்கு முளைத்தால்...

(கேள்வி – பதில்)

மரச்சிற்பி, கள்ளக்குறிச்சி: காய்கறியில் சிற்பமாம், கண்காட்சியாம்! அதெல்லாம் ஒரு கலையா?

உங்கள் மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது; முதலில் அதற்கு ஒரு கும்பிடு. மரம் தலைமுறை தாண்டும். செதுக்கிய தர்பூசணி சாயங்காலமே அழ ஆரம்பித்துவிடும். அது அழுவதற்குள் வேலையை முடிக்கிறானே, அவனும் சிற்பிதான்.

இல்லத்தரசி, சின்னசேலம்: முள்ளங்கியைக் கீறிக் கீறிப் பார்க்கிறேன், பூவாக விரியவே இல்லையே?

கீறுவதுதான் கத்தியின் வேலை, விரிப்பது தண்ணீரின் வேலை. சின்ன முள்ளங்கியாக எடுத்து, நுனியிலிருந்து இதழ் இதழாகக் கீறுங்கள், அடிவரை போகாதீர்கள். பிறகு ஐஸ் தண்ணீரில் போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். உள்சதை தண்ணீர் குடித்து உப்பும், தோல் அந்த அளவுக்கு உப்பாது. இதழ் தானாக வெளியே வளையும். அதட்டினால் மலராது, குளிர்ந்தால் மலரும். மாமியார்களும் குறித்துக்கொள்ளலாம்.

கல்லூரி மாணவி, தியாகதுருகம்: உலகத்தில் வேறு எங்கே இந்தப் பைத்தியம்?

மெக்சிகோவில் வாஹாகா என்ற ஊர். 1897 முதல் டிசம்பர் 23 அன்று இரவு முள்ளங்கிச் சிற்பப் போட்டி நடத்துகிறார்கள். அங்கே முள்ளங்கிக்குத் திருவிழா. இங்கே சாம்பாரோடு சரி.

ஓவிய ஆசிரியர், சங்கராபுரம்: ராஜாவைக் காய்கறியாக வரைந்தால் தலை தப்புமா?

தப்பியது. ஆர்ச்சிம்போல்தோ என்ற இத்தாலிய ஓவியர் 1590 வாக்கில் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபைக் காயும் கனியுமாகவே வரைந்தார். மூக்கு, ஒரு பேரிக்காய். பேரரசர் கோபிக்கவில்லை, பிரபு பட்டம் கொடுத்தார். நம் ஊர் கட்அவுட்டில் பேரிக்காய் மூக்கு வரைவதாக இருந்தால், முதலில் ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

பள்ளி மாணவன், வெள்ளிமலை: மரவள்ளிக்கிழங்கில் பொம்மை செய்யலாமா?

தாராளமாகச் செய் தம்பி. வேகவைத்துச் சூடு ஆறுமுன் மசித்தால் நன்றாகப் பிடிபடும். யானை, ஆமை, உன் வகுப்பு வாத்தியார், எது வேண்டுமானாலும் வரும். பச்சைக் கிழங்கை மட்டும் வாயில் வைக்காதே. சயனைடு உண்டாக்கும் பொருள் அதில் இருக்கிறது. கிழங்கு வேகும்வரை சும்மா இருக்காமல் ஒரு மரவள்ளி இலையைக் காம்போடு எடு. கொஞ்சம் ஒடி, தோல் அறாமல் இழு. அடுத்த துண்டை எதிர்ப்பக்கம் ஒடித்து இழு. காம்பு மாலையாகும், இலை பதக்கமாகும். தங்கைக்குப் போட்டுவிடு. செய்கூலியும் இல்லை, சேதாரமும் இல்லை.

இன்னொரு மாணவன், கச்சிராயபாளையம்: சோற்றில் விளையாடாதே என்று பாட்டி திட்டுகிறாளே?

பாட்டி மாவிளக்குப் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார். அரிசிமாவும் வெல்லமும் பிசைந்து, உருட்டி, நடுவில் கட்டைவிரலால் குழித்து, நெய் விட்டுத் திரி ஏற்றுவாள். அது சிற்பம் இல்லாமல் வேறென்ன? ஐப்பசிப் பௌர்ணமியில் கங்கைகொண்ட சோழபுரத்துப் பெரிய லிங்கத்துக்கே சோற்றால் அலங்காரம். பிறகு அது பிரசாதமாகிவிடும். பாட்டி திட்டுவது விளையாடுவதை அல்ல, வீணாக்குவதை. அந்த விஷயத்தில் நான் பாட்டி கட்சி.

சமையல்காரர், உளுந்தூர்பேட்டை: கல்யாண வரவேற்பில் செதுக்கி வைக்கும் தர்பூசணி அன்னம் கடைசியில் குப்பைக்குத்தானே போகிறது?

போகக் கூடாது. குடைந்தெடுத்த சிவப்புச் சதையை அப்போதே ஜூஸாக்கிப் பந்தலில் கொடுத்துவிடுங்கள். மிச்சத்தை அன்றே மாட்டுக்குப் போடலாம். ஆனால் செருகிய பல்குத்தும் குச்சிகளை ஒன்றுவிடாமல் உருவிய பிறகு! மாடு வாயில்லா ஜீவன். குச்சி தொண்டையில் குத்தினால் யாரிடம் போய்ச் சொல்லும்?

பஞ்சாயத்து உறுப்பினர், கல்வராயன்மலை: குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழச்சிற்பம் பார்க்கக் கூட்டம் அலைமோதுகிறது. நம் மலைக்கு அந்த யோகம் எப்போது?

நாம் கேட்கும்போது. கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக்கென்றே தனிக் கண்காட்சி நடக்கிறது. நமக்கு என்ன குறைச்சல்? மேலே மரவள்ளியும் சாமையும் தினையும் விளைகின்றன. கீழே உளி பழகிய கைகள் இருக்கின்றன. கல்வராயன்மலைக் கோடை விழாவில் ஒரு பந்தல் கேளுங்கள். மரச்சிற்பிகள் ஒருநாள் மட்டும் காய்க்கத்தி எடுக்கட்டும். மலைப்பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து பழகட்டும். பொழுது சாய்ந்ததும் சிற்பங்களை நறுக்கி, கூட்டும் பொரியலுமாக்கி, வந்தவர்களுக்கெல்லாம் இலை போடுங்கள். இப்படியே எழுதி, பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கி, ஆட்சியர் அலுவலகத்தில் கொடுங்கள். மனு வாங்கும் நாள் திங்கட்கிழமை.