மானியச் சாகுபடி சாஸ்திரம்

சும்மா இருப்பதன் மேன்மையை நம் ஞானிகள் விரிவாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு ஏக்கர் கணக்கில் ரேட் நிர்ணயிக்க மட்டும் அவர்களுக்குத் தோன்றவில்லை. அந்தக் குறையை அமெரிக்க வேளாண் துறை தீர்த்து வைத்தது. அந்நாட்டுக் கிராமப்புறக் கவுண்டிகளில் தொன்றுதொட்டு விளைந்துவரும் மானியம் என்னும் பயிரின் இலக்கணம் வருமாறு.

தோற்றம்: 1933-ல் பருத்தி விலை படுத்துக் கிடந்தது. விளைந்ததால் விலை விழுந்தது, அழித்தால் எழும் என்பது அதிபர் ரூஸ்வெல்ட் அரசின் சித்தாந்தம். அதன்படி சுமார் 1 கோடி ஏக்கரில் நின்ற பருத்தியை மடக்கி உழுதவர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டது. ஏர் பூட்டிய கோவேறு கழுதைகள் முரண்டு பிடித்தன என்பார்கள். செடியை மிதிக்காமல் சாலோடு நடக்க வேண்டும் என்றல்லவா அவற்றை அடித்துப் பழக்கியிருந்தார்கள்! பாவம், பொருளாதாரம் படிக்காத ஜீவன்கள்.

களை: அரசு அனுமதிக்கு மேல் விளைந்த தானியம் களை எனப்படும். ஓஹையோ மாநிலத்து ரோஸ்கோ ஃபில்பர்னுக்குக் கோதுமை போட அனுமதி 11.1 ஏக்கர்; அவர் விதைத்ததோ 23. மிச்சம் சொந்த உபயோகத்துக்கு என்றார். வீட்டில் விளைத்துத் தின்பவன் கடையில் வாங்க மாட்டான், ஆகவே இதுவும் மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தைப் பாதிக்கும் என்று 1942-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அபராதம் 117 டாலர் 11 சென்ட்.

நிலம்: மண்வளம் முக்கியமல்ல, ஏட்டுவளமே முக்கியம். முன்னொரு காலத்தில் மக்காச்சோளம் விளைந்ததாகப் பதிவாகிவிட்டால் அது ‘அடிப்படை ஏக்கர்’. 2002 சட்டப்படி புஷல் என்னும் தானிய அளவைக்கு 28 சென்ட் நேரடித் தொகை கிடைத்தது. அந்தப் புஷல் விளைந்திருக்க வேண்டும் என்பதில்லை. தரிசாகப் போட்டிருக்கலாம், மாடு மேய்த்திருக்கலாம். பச்சைப்பயறுகூட விதைத்திருக்கலாம், சட்டமே பெயர் சொல்லி அனுமதித்தது. தக்காளி வைத்தால்தான் வம்பு. காய்கறியும் பழமும் அன்று பொதுவாகத் தீட்டு.

கிளைத்தல்: தலைக்கு இவ்வளவு மானியம்தான் என்று உச்சவரம்பு வந்ததும் பண்ணைகளுக்குத் தலைகள் முளைத்தன. ஒரே வயல், பல கூட்டாளிகள், பல நிறுவனங்கள். காகிதத்தில் வரைந்து பார்த்தவர்கள் இதற்கு ‘மிசிசிப்பி கிறிஸ்துமஸ் மரம்’ என்று பெயரிட்டார்கள். தாவரவியல் நூல்களில் இம்மரம் இல்லை.

ஏற்றுமதி: அமெரிக்க மானியத்தால் பருத்தியின் உலக விலை கெடுகிறதென்று பிரேசில் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு ஜெயித்தது. மானியத்தை நிறுத்துவது அறியாதவர் வழி. அறிந்தவர்கள், 2010 முதல் பிரேசில் பருத்திக்காரர்களுக்கும் ஆண்டுக்கு 14.73 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டார்கள். 2014-ல் மேலும் 30 கோடி கொடுத்துக் கணக்கை முடித்தார்கள்.

அதே 2014-ல் நேரடித் தொகையும் ஒழிந்தது. இனி விலையோ வருமானமோ விழுந்தால்தான் பணம். அடிப்படை ஏக்கர் மட்டும் அப்படியே இருக்கிறது. அதில் அதே பயிரைப் போட்டாக வேண்டும் என்ற கட்டாயம் இப்போதும் இல்லை.

இச்சாகுபடியில் புதிதாக இறங்குவோர் கோவேறு கழுதையை மட்டும் வேளாண் துறை அலுவலகத்துக்குக் கூட்டிப்போக வேண்டாம். செடி என்றால் விளைவதற்கு என்ற பழைய நினைப்பு அதற்கு இன்னும் போகவில்லை.