கங்காரு வாலும் கணக்கும்

கேள்வி: மகள் கணிதப் பட்டம் வாங்கிவிட்டு, உயிர்த்தகவலியல் மேற்படிப்பு என்கிறாள். கணக்குக்குப் பயந்தவர்கள்தானே பயாலஜி எடுப்பார்கள்? (மயிலாப்பூர் வாசகி)

பதில்: அந்தக் கதை பிளஸ் டூவோடு முடிந்தது, அம்மா! சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-55-ல் கொலாஜன் புரதம் ஜடைபோல மூன்றிழை என்று கண்டார்கள். அதற்கு ஆராய்ந்தது கங்காரு வால் தசைநார். கிடைத்தது நம் அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்தில். 1963-ல் ராமச்சந்திரன் குழு இன்னும் ஒரு படி மேலே போனது: புரதச் சங்கிலி எந்தக் கோணத்தில் மடங்கும், எதில் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டே சொல்லிவிட்டது. அந்தக் கணக்கில் பிறந்த ‘ராமச்சந்திரன் வரைபட’த்தை வைத்துத்தான் உலகம் இன்றும் புரத வடிவங்களைச் சரிபார்க்கிறது. உங்கள் மகளுக்கும் பக்கத்திலேயே வழி இருக்கிறது: தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் கணினிசார் உயிரியலில் பிஎச்.டி. உண்டு. திருமயிலையிலிருந்து பறக்கும் ரயிலிலேயே போய்விடலாம். தடுக்காதீர்கள்!