காளைக்குப் பரிசு டிராக்டர்

தை பிறந்துவிட்டால் கப்பலூர் சுங்கச்சாவடி வரிசையில் காளைகளும் நிற்கும். கொம்பு சீவி, மாலை போட்டு, மினி லாரியில் ஏற்றி அவனியாபுரம், அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுகளுக்குக் கொண்டுபோவார்கள். ஃபாஸ்டேக்கில் காசு இல்லையென்றால் தமிழர் வீரம் அங்கேயே நின்று மூச்சு விட வேண்டியதுதான். "புலிக்குளம் காளைண்ணே, சீறுறதைப் பாருங்க" என்று பக்கத்துக் காரிலிருந்து செல்ஃபி வேறு. அந்தக் காளையின் ஆத்தா எங்கே மேய்கிறாள் என்று கேளுங்கள், ஆள் கண்ணாடியை ஏற்றிவிடுவார்.

புலிக்குளம், கொட்டிலில் கட்டித் தீனி போட்டு வளர்ந்த இனம் இல்லை. கிடைமாடு. சிவகங்கை, மதுரை, விருதுநகர்ப் பக்கம் மந்தையாக நடக்கும். அறுப்பு முடிந்த வயலில் ராத்திரி கிடை போட்டால் சாணி நிலத்துக்கு, கூலி மாட்டுக்காரருக்கு. பல வீட்டு மாடுகள் ஒன்றாகத் திரிந்து, பல பொலிகாளைகள் சேர்ந்து, ஒரே ரத்தம் ஊறிப்போகாமல் இனம் தழைத்தது இந்த நடையில்தான். அப்படி நடந்தவர்களை நாம் என்ன செய்தோம்? யூரியா மூட்டை வந்ததும் கிடைக்குக் கூப்பிடுவதை விட்டோம். மேய்ச்சல் புறம்போக்கில் கட்டடம் எழுப்பி ரிப்பன் வெட்டினோம். மலைக்காவது ஏறலாமென்றால், 2022 மார்ச்சில் காட்டு மேய்ச்சலுக்கே தடை போட்டது சென்னை உயர் நீதிமன்றம். பிறகு அந்தத் தடையைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. கடன் கேட்டு வங்கிக்குப் போனால் "சிட்டா அடங்கல் இருக்கா?" என்கிறார்கள், காலடி மண்கூடச் சொந்தமில்லாதவரிடம்.

காளைக்கும் காகிதம் வேண்டும். பதிவில்லாத காளையை இனப்பெருக்கத்துக்கு விடாதே என்று 2019-இல் சட்டமே போட்டார்கள். அத்தனை தலைமுறையும் சான்றிதழ் வாங்காமலே பிறந்த குற்றவாளிகள்!

ஊருக்கு ஊர் சினை ஊசி இருக்கிறதே, பிறகென்ன கவலை என்பார் ஆபீசர். வட அமெரிக்காவைப் பாருங்கள் ஐயா. அங்கே ஊசிக்கு விந்து தரும் ஹோல்ஸ்டீன் காளைகளில் 99 சதவீதத்துக்கு மேல் தகப்பன் வழியில் 1960-களில் பிறந்த இரண்டே காளைகளில் போய் முடிகின்றன. அதில் ஒன்றான சீஃப், பாலோடு ஒரு பழுதான மரபணுவையும் கொடுத்துவிட்டுப் போனது. உலகம் முழுக்க ஏறத்தாழ 5 லட்சம் கரு கலைந்தது. நஷ்டம் 42 கோடி டாலர் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். லட்சக்கணக்கில் மாடு இருந்தும் பொலிகாளை நாலு என்றால் இந்தக் கதிதான். நாட்டு மாடு என்று பெயர் ஒட்டிய ஊசிக்கும் அதே விதி.

2017-இல் நாட்டு மாட்டைக் காக்கத் தமுக்கத்தில் உட்கார்ந்தோமே, அதற்குப் பலனாக 2024 ஜனவரியில் அலங்காநல்லூர் பக்கம் கீழக்கரையில் 62 கோடி ரூபாய்க்கு ஜல்லிக்கட்டு அரங்கம் வந்தது. கைதட்ட மனுஷனுக்குக் கேலரி. மேய மாட்டுக்கு? அலங்காநல்லூரில் முதலிடம் பிடிக்கும் காளைக்கு இப்போது டிராக்டர் பரிசு. ஏரிலிருந்தும் வண்டியிலிருந்தும் எந்த இயந்திரம் மாட்டை அவிழ்த்துவிட்டதோ, அதையே பூ சுற்றி அதற்குக் கொடுக்கிறோம். மாடு மட்டும் வாய் திறந்தால் மானம் போய்விடும்.

அடுத்த தையில் சாவியை நீட்டப் போகிற மாண்புமிகுவுக்கு ஒரு விண்ணப்பம்: கொடுக்கும்போது காளைக்காரரிடம், "அடுத்த கன்னை எந்தக் கிடையில வாங்குவீங்க?" என்று கேளுங்கள். மைக்கை மட்டும் அணைத்துவிடாதீர்கள்.