பந்தயம் ஓடாத ஃபெராரி

வட இத்தாலியின் திரெந்தோ மலைப்பகுதியில் ஃபெராரி என்றொரு நுரை ஒயின் நிறுவனம் இருக்கிறது. 1902-இல் ஜூலியோ ஃபெராரி தொடங்கியது. கார் ஃபெராரிக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனாலும் 2021 முதல் சில ஆண்டுகள் ஃபார்முலா ஒன் மேடையில் ஜெயித்தவர்கள் குலுக்கிப் பீய்ச்சியது இந்த ஒயினைத்தான். பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கவிட்டு, ஈஸ்ட் வண்டலோடு குறைந்தது 15 மாதம் படுக்கப்போட்டு, வண்டலைக் கழுத்துக்கு இறக்கி, உறையவைத்து வெளியேற்றி... இத்தனை பாடும் யாரோ ஒருவருடைய தொப்பியை நனைக்க!

ஷாம்பெயினுக்கும் இதே முறைதான். சார்டனே, பினோ நுவார் என்று திராட்சையும் ஏறக்குறைய அதேதான். திரெந்தோ சரக்கின் ஒரே குறை, விலை மலிவு. விருந்தாளி முன்னால் வைத்தால், "ஓ, ப்ரொசெக்கோவா?" என்பார். அந்த நுரை ஒயின் பெரும்பாலும் பெரிய தொட்டியில் நொதிப்பது, இது வேறு என்று விளக்கி முடிப்பதற்குள் கிளாஸில் நுரை அடங்கிவிடும்.

தொட்டுக்கொள்ள என்ன? நிபுணரைக் கேட்டால் சிப்பி என்பார், பாட்டிலைவிட அதற்கு அதிகம் செலவாகும். பொரித்த கணவாய் போதும். உப்புத் தூவிய உருளைக்கிழங்கு சிப்ஸ் இன்னும் மேல்; நாக்கில் படிந்த எண்ணெயைப் புளிப்பும் நுரையும் அலசிவிடும். திரெந்தோக்காரர்கள் உள்ளூர்ச் சீஸைக் கடித்துக்கொண்டு குடிக்கிறார்கள்.

உலகமோ கேக் வெட்டும்போதுதான் மூடியைத் திறக்கும். அத்தனை சர்க்கரைக்குப் பிறகு இனிப்பில்லாத ‘ப்ரூட்’ வகை வெறும் புளித்தண்ணி. மணமக்கள் முகம் சுளிப்பதை ஆனந்தக் கண்ணீர் என்று போட்டோகிராபர் ஆல்பத்தில் சேர்த்துவிடுகிறார்.