ஆழம் பார்ப்பவர்

அமெரிக்காவின் ஒஹாயோ பக்கத்தில் ஒரு குளிர்கால இரவில், கார் வெளியே பனியில் நிற்க, கராஜுக்குள் விளக்கெரிகிறதா? மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடியோடு உள்ளே ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரா? அவர்தான் நம் ஆசாமி. குறிபார்த்துச் சுடும் போட்டிக்காரர். கடைத் தோட்டாவைத் தொடுவது அவருக்குக் கௌரவக் குறைவு. பித்தளைக் கூடு, பிரைமர், வெடிமருந்து, குண்டு என்று நான்கையும் தனித்தனியே வாங்கித் தானே கோத்துக்கொள்வார். சிக்கனத்துக்காக ஆரம்பித்ததாகச் சொல்வார். அந்த மின்தராசு என்ன விலை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

அவரைத் தூங்கவிடாத கேள்வி ஒன்றுதான்: குண்டைக் கூட்டுக்குள் எவ்வளவு ஆழம் இறக்குவது?

துப்பாக்கிக் குழலின் உட்சுவரில், குண்டைச் சுழலவைக்கும் வரிமேடுகள் திருகிக்கொண்டு போகின்றன. தோட்டாவை உள்ளே போட்டால், குண்டு அந்த மேடுகளுக்குச் சற்று இப்பாலே நிற்கும். சுட்டதும் அந்த இடைவெளியைத் தாண்டிப் போய் மேட்டைக் கவ்வும். இடைவெளி எவ்வளவு இருந்தால் குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் என்பது குழலுக்குக் குழல், குண்டுக்குக் குண்டு மாறும். இதில் உண்மை இருக்கிறது. ஆசாமி பைத்தியக்காரர் இல்லை. ஆனால் அவர் அளப்பது ஓர் அங்குலத்தை ஆயிரமாகக் கூறுபோட்டு. தலைமுடி ஒன்றின் தடிமனில் அப்படி இரண்டு மூன்று கூறுகள் அடங்கிவிடும்.

குண்டின் முனையிலிருந்து அளக்கமாட்டார். முனைகள் ஒன்றுபோல் இருப்பதில்லையாம். குண்டின் வளைவு ஒரு குறிப்பிட்ட விட்டத்தைத் தொடும் இடத்திலிருந்து அளக்க, காலிப்பர் என்ற அளவுகருவியில் மாட்டும் துணைக்கருவி ஒன்று வைத்திருக்கிறார். ஒரே தோட்டா மூன்று முறைக்கு மூன்று விடை சொன்னால் சந்தேகம் காலிப்பர்மேல் விழும். தன் விரல்மேல் விழாது. புதுக் காலிப்பர் வரும்.

பெர்ஜர் என்ற குண்டுத் தயாரிப்பு நிறுவனம் போட்டிக்காரர்களுக்கு ஒரு வழி சொல்லியிருக்கிறது. மேட்டில் 10 கூறு அழுந்தும்படி ஆறு தோட்டா. பிறகு மேட்டிலிருந்து 40, 80, 120 கூறு தள்ளி ஆறாறு. மொத்தம் 24 தோட்டா சுட்டுப் பார்த்து, நன்றாக விழுந்த ஆழத்தின் பக்கத்தில் மட்டும் நுணுக்கமாகத் தேடினால் போதும். கெட்டிக்கார யோசனை. நம்மவருக்குத்தான் மனசு ஒப்பாது. நாற்பது நாற்பதாகத் தாண்டினால் நடுவே இருக்கும் பொன்னான புள்ளி தப்பிவிடாதா? மூன்று மூன்று கூறாகவே இறங்குவார்.

சனிக்கிழமை மைதானம். ஆழத்துக்கு மூன்று தோட்டா. ஒரு மூன்று, காகிதத்தில் ஒரே ஓட்டையாக விழுந்துவிட்டால் தீர்ந்தது; படம் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். ஒரே ஆழத்துத் தோட்டாவையே இன்னொரு மூன்று சுட்டால் ஓட்டைகளின் கூட்டம் இருமடங்காக விரிவது சகஜம் என்று யாரும் அவரிடம் சொல்லக்கூடாது. விரிந்துவிட்டாலும் விளக்கம் தயார்: “அது கணக்கில் வராது. விசையை நான்தான் வெடுக்கென்று இழுத்துவிட்டேன்.” நன்றாக விழுந்தால் ஆழத்தின் மகிமை, கெட்டால் விரலின் குற்றம். கராஜில் குற்றமற்றிருந்த அதே விரல்தான்.

குண்டை மேட்டில் அழுந்தவிட்டுச் சுடும் பருவமும் அவருக்கு வந்து போனது. அழுத்தம் ஏறும், மருந்தைக் குறைத்துத் தொடங்கவேண்டும் என்பது தெரியும், அதில் ஒழுங்குதான். ஆனால் சுடுமுன் ‘நிறுத்து’ என்று மைதானத்து அதிகாரி குரல் கொடுத்துவிட்டார். தோட்டாவை வெளியே இழுத்தால் கூடு மட்டும் வந்தது. குண்டு குழலிலேயே தங்கிவிட்டது. மருந்து முழுவதும் துப்பாக்கியின் வயிற்றுக்குள் கொட்டிவிட்டது. அன்றைய மீதிப் பொழுது தூரிகையும் கோலுமாய்க் கழிந்தது.

இத்தனைக்கும் அவர் போட்டியிடுவது 1,000 கஜத்தில். எஃப்-கிளாஸ் என்ற அந்தப் போட்டியின் இலக்கில் பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 10 அங்குலம், நட்டநடு வட்டம் 5 அங்குலம். மணிக்குப் பத்து மைல் குறுக்குக்காற்று அவர் குண்டை அடிக்கணக்கில் ஒதுக்கித் தள்ளிவிடும். ஈரி ஏரிக்கரையில் 1907 முதல் தேசியப் போட்டிகளுக்குப் பேர்போன கேம்ப் பெரி மைதானத்தில் காற்றைப் படிக்கத் தெரிந்தவன்தான் ஜெயிக்கிறான். காற்றைப் படிக்கப் பழகலாமே என்றால், “முதலில் ஆழம் முடியட்டும்” என்பார். காற்றைக் காலிப்பரால் பிடிக்க முடியாதே, பாவம்.

ஆழம் முடியவும் முடியாது. ஒவ்வொரு வெடிப்பின் சூட்டிலும் வரிமேட்டின் தொடக்கம் கொஞ்சங்கொஞ்சமாக அரிபட்டுப் பின்வாங்குகிறது. விடை தேடிச் சுடச் சுட, விடை முன்னால் நகர்ந்துகொண்டே போகிறது. அவரும் குண்டை வெளியே இழுத்து இழுத்து வைத்துத் துரத்துகிறார். மருந்து அதிகம் பிடிக்கும் சில ரகங்களில் ஆயிரத்துச் சொச்சம் தோட்டாவிலேயே குழலின் குறி கெட்டுவிடும். அதில் பாதி போட்டிக்குப் போனதா, தேடலுக்குப் போனதா என்று அவர் நோட்டுப்புத்தகங்களைத்தான் கேட்கவேண்டும்.

போன மாதம் குழல் ஓய்ந்தது. முகத்தில் வருத்தமே இல்லை; கல்யாணக் களை. புதுக் குழலுக்குச் சொல்லியாகிவிட்டது, குண்டும் புதுப் பெட்டி.

“அப்போ இந்த நோட்டெல்லாம்?” என்றாள் மனைவி.

“அதெல்லாம் பழைய குழலுக்கு,” என்றார், காலிப்பரைத் துடைத்துக்கொண்டே.