சில்லாய் கலானும் குரங்குக் குல்லாவும்

மார்கழி பிறந்து, அபிராமபுரத்தில் விடியற்காலை 21 டிகிரிக்கு இறங்கினால் போதும். எதிர்வீட்டு மாமா குரங்குக் குல்லாவோடுதான் பால் வாங்கக் கிளம்புவார். கீழே கை வைத்த பனியன், நாலு முழ வேட்டி. குளிர் காது வழியாக மட்டுமே ஏறும் என்பது மயிலாப்பூர் வட்டாரத்தின் அசைக்க முடியாத வைத்தியம்.

இதே வேஷத்தை நம்பி, டிசம்பர் கடைசியில் ஸ்ரீநகருக்கு டிக்கெட் போட்டிருக்கிறார். "ஊட்டியையே பார்த்தவன்டா நான்!"

அங்கே டிசம்பர் 21 முதல் 40 நாள் சில்லாய் கலான் என்னும் கடுங்குளிர்க் காலம். ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போகும். குழாயில் தண்ணீர் உறையும். உள்ளூர்க்காரர்கள் முழங்காலுக்குத் தொங்கும் ஃபெரன் அங்கிக்குள் காங்கிரியை அணைத்துக்கொண்டு நடப்பார்கள்: பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி, சட்டிக்குள் கரித்தணல்.

"வயித்துக்கிட்ட நெருப்பா? ராமா!" என்றார் மாமி.

உள்ளே தெர்மல், நடுவே கம்பளி, மேலே காற்றுப் புகாத ஜாக்கெட் என்றேன். சங்கராசாரியார் மலைக்கோயிலில் செருப்பைக் கழற்ற வேண்டும், கனமான சாக்ஸ் இரண்டு ஜோடி எடுங்கோ என்றும் சொன்னேன். மாமா பொறுமையாகத் தலையாட்டினார்.

பெட்டியை மூடுமுன் எட்டிப் பார்த்தேன். சாக்ஸைக் காணோம். மேலாக, பத்திரமாக, ஒரு பாக்கெட் கொசுவத்திச் சுருள்.